ரெண்டடுக்கு கேக், 20 கொண்டை ஊசி வளைவு: நிக்குமா, சாயுமா?

கேள்வி: 9 ஏப்ரல், மதியம் 2.15

அக்கா, எங்கண்ணன் நிச்சயதார்த்தம் மே முதல் வாரம் ஏற்காட்டுல. கேக் நானே பண்றேன்னு வாய விட்டுட்டேன். கீழ 10 இஞ்ச், மேல 6 இஞ்ச், எக்லெஸ், விப்பிங் க்ரீம், உள்ள மாம்பழம். நாலு ஸ்ட்ரா குத்தி, சேலம் அம்மாபேட்டையில வீட்டுலயே அடுக்கி, கார்ல வெச்சு ஏத்திடலாம்னு இருக்கேன். கேக் கெட்டியா இருந்தா ஸ்ட்ராவே வேண்டாங்கறாங்க எங்க சித்தி. சரிதானா?

9 ஏப்ரல், இரவு 9.50

சித்தி பழைய பிளம் கேக்கை மனசுல வெச்சுப் பேசறாங்க. ஸ்பான்ஜுக்கு அது செல்லாது. அதுலயும் கண்டென்ஸ்டு மில்க் போட்ட எக்லெஸ் ஸ்பான்ஜ் கையில எடுத்தாலே உதிரும். அது தலையில ஒன்றரைக் கிலோவை ஏத்தினா ராத்திரிக்குள்ள நடுவுல குழி விழுந்து, பக்கவாட்டுல க்ரீம் பிதுங்கிடும்.

ஒண்ணே ஒண்ணு புரிஞ்சா மீதி தன்னால வரும். மேல் கேக் உக்கார்றது கீழ் கேக் மேல இல்ல, குச்சிங்க மேல. எடை மேல் கேக்குல இருந்து அதோட அட்டைக்கு வரணும், அட்டையில இருந்து குச்சிக்கு, குச்சியில இருந்து அடிப்பலகைக்கு. இந்த வழியில ஸ்பான்ஜ் எங்கயும் வராது. அதனால மேல் கேக்குக்கு அதே அளவுல தனி அட்டை கட்டாயம் வேணும். அட்டை இல்லாம வெறும் குச்சி மேல வெச்சா, குச்சி மேல் கேக்குக்குள்ள ஏறிடும்.

மீதி நாளைக்கு. ஓவன்ல ஒண்ணு இருக்கு.

10 ஏப்ரல், காலை 6.30

எத்தனை குச்சின்னு கேட்டு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. மேல 6 இஞ்ச்னா நாலு போதும். 8 இஞ்ச்னா ஆறு. எங்க குத்தறதுங்கறதுதான் அதைவிட முக்கியம். காலி அட்டையைக் கீழ் கேக் மேல லேசா வெச்சு, பல்குச்சியால சுத்தி வட்டம் போட்டுக்கங்க. வட்டத்துக்கு ஒரு இஞ்ச் உள்ள தள்ளிக் குத்துங்க. வெளிய போச்சுன்னா தாங்காது, கண்ணுலயும் படும். நடுவுல கொத்தா குத்தினா அட்டை ஆடும்.

ஒரு குச்சியை அடிப்பலகை தட்டற வரைக்கும் நேரா இறக்குங்க. க்ரீம் மட்டத்துல நகத்தால கீறி, வெளிய எடுத்து வெட்டுங்க. மத்ததெல்லாம் இதே நீளம். ஒவ்வொண்ணையும் அது நிக்கிற இடத்துல அளந்து தனித்தனியா வெட்டறவங்க இருக்காங்க. கீழ் கேக் ஒரு பக்கம் சரிஞ்சிருந்தா அந்தச் சரிவு அப்படியே மேல் கேக்குக்கும் போயிடும். எந்த இடம் உயரமோ அங்க அளந்து எல்லாத்தையும் சமமா வெட்டினா, கேக் கோணலா இருந்தாலும் மேல் அடுக்கு மட்டமா உக்காரும். நடுவுல தெரியற இடைவெளியைக் க்ரீம் பிழிஞ்சு (பைப்பிங்) மறைச்சுக்கலாம்.

மட்டம் பார்க்க ஃபோன்லயே ஆப் இருக்கு. நான் கொத்தனார் வெச்சிருப்பாரே ரசமட்டம், அதுல சின்னது ஒண்ணு வாங்கி சமையலுக்குன்னே வெச்சிருக்கேன். கடைக்காரர் எத்தனை சதுர அடி வீடுன்னு கேட்டார்.

10 ஏப்ரல், காலை 7.05

ஸ்ட்ரா பத்தி விட்டுப்போச்சு. நீங்க சொல்ற நாலு ஸ்ட்ரா எந்த ஸ்ட்ரா? ஜூஸ் கடையில தர்ற மெல்லிசு வேலைக்கு ஆகாது. பப்பிள் டீக்குப் போடற தடிமன் வேணும். நம்ம மாநிலத்துல 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை, 2022 ஜூலையில இருந்து நாடு முழுக்கத் தடை. அதனால இப்பக் கையில கிடைக்கறது காகித ஸ்ட்ரா. அதைக் கேக்குக்குள்ள வெச்சா சிரப்பைக் குடிச்சு ஊறி, நாலஞ்சு மணி நேரத்துல நசுங்கிடும். பேக்கிங் சாமான் கடையில கேக்குக்குன்னே வெள்ளையா, உள்ள ஓட்டையா டவெல்ங்கற குச்சி விக்கிறாங்க. அதை வாங்குங்க, பூச்செடி வெட்டற கத்தரியால வெட்டலாம். (அந்தக் கத்தரியும் புதுசா இருக்கட்டும்.)

மரக்குச்சியைவிட ஓட்டைக் குச்சியை நான் விரும்பறதுக்குக் காரணம் இருக்கு. தடிச்ச மரக்குச்சி இறங்கறப்ப ஸ்பான்ஜை ஒதுக்கித் தள்ளும், எக்லெஸ்ல விரிசல் விழும். ஓட்டைக் குச்சியில ஸ்பான்ஜ் உள்ள போய் நின்னுக்கும், சுத்தி இருக்கற கேக் அசையாது. கபாப் குச்சி கேட்டவருக்கு: வேண்டாங்க. எடையில முறியாதுதான், ஆனா மெல்லிசா இருக்கறதால லேசா சாயும், நுனி அட்டையைக் குத்திக் கிழிக்கும்.

10 ஏப்ரல், இரவு 11.20

ஈர்க்குச்சி ஓகேவான்னு கேட்ட தம்பிக்கு: பல்லு குத்திக்கங்க.

12 ஏப்ரல், மாலை 4.40

மாம்பழத்துக்கு வர்றேன். சேலத்துல மே மாசம் நிச்சயம் வெச்சுட்டு மாம்பழம் வேண்டாம்னு சொல்ல எனக்கும் மனசு வரல. ஆனா அடுக்குக் கேக்குல ஈரப் பழத்துண்டு மாதிரி எதிரி கிடையாது. தட்டுவடை செட்டை ஓரமா ஒரு கடி கடிச்சா நடுவுல இருக்கற கேரட், பீட்ரூட் எதிர்ப்பக்கம் பிதுங்கி வருதா இல்லையா, அதேதான். கார் திரும்பறப்ப மேல் ஸ்பான்ஜ் பழத்து மேல வழுக்கிக்கிட்டு நகரும்.

பழம் வெச்சே ஆகணும்னா கூழாக்கி, கொஞ்சம் சோள மாவு கரைச்சு ஊத்தி, கரண்டியில இருந்து வழியாத பக்குவத்துக்குக் காய்ச்சி முழுசா ஆறவிடுங்க. ஸ்பான்ஜ் ஓரத்துல கெட்டி க்ரீமால விரல் தடிமனுக்கு வரப்பு கட்டி, வரப்புக்கு உள்ள மட்டும் மெல்லிசாப் பூசுங்க, வரப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. மல்கோவாவோட மணமெல்லாம் இந்தக் காய்ச்சல்ல பாதி போயிடும், அதுக்குப் போய் அந்த விலை கொடுக்காதீங்க. பெங்களூரா போதும், அதோட புளிப்பு க்ரீமுக்கு எடுப்பா இருக்கும். மல்கோவாவை அறுத்துத் தட்டுல வெச்சுப் பக்கத்துல கொடுங்க.

சிரப்பையும் கையை அடக்கி ஊத்துங்க. பேக்கரி கேக் மாதிரி சொதசொதன்னு வேணும்னா மேல் அடுக்குல வெச்சுக்கங்க.

12 ஏப்ரல், மாலை 5.10

பழம் போட்டா கேக்குக்குப் பக்கவாட்டுல தொப்பை விழுதுன்னு ஒருத்தர். அடுக்கின உடனே வெளிப்பூச்சு பூசறதாலதான் அது. ஸ்பான்ஜ், ஃபில்லிங் எல்லாம் அடுக்கி பிளாஸ்டிக் தாள் சுத்தி, மேல சுத்தமான தரை டைல்ஸ் ஒண்ணை வெச்சு ஃபிரிட்ஜுல நாலஞ்சு மணி நேரம் விடுங்க. உக்கார்றது அப்பவே உக்காந்துடும், காத்தெல்லாம் வெளிய வந்துடும். அப்புறம் பிதுங்கினதை வழிச்சுட்டு க்ரீம் பூசுங்க. டைல்ஸ் போட்ட வீட்டுல மிச்சம் ஒண்ணு ரெண்டு மொட்டை மாடியில கண்டிப்பாக் கிடக்கும்.

15 ஏப்ரல், இரவு 10.15

ஓசூர்ல ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கற அண்ணன் ஒருத்தர், குச்சியெல்லாம் எதுக்கு, அடிப்பலகையில ஓட்டை போட்டு ஒரு த்ரெட்டட் ராடை (திருகுக் கம்பி) நிறுத்தி, நட்டும் வாஷரும் போட்டு முறுக்கிட்டா போதாதான்னு கேட்டிருக்கார். பாதி சரிங்கண்ணா. நடுக்கம்பியும் சுத்துக்குச்சியும் வேற வேற வேலை பாக்குது. சுத்துக்குச்சி எடையைத் தாங்கும், பக்கத்துக்குப் போகாம பிடிக்காது. நடுக்கம்பி பக்கத்துக்கு நகர விடாது, ஆனா ஒத்தைக் கம்பி மேல அட்டை எப்படி மட்டமா நிக்கும்? உங்க ஊர்ல அடுக்குக்கு அடுக்கு நட்டும் அகலமான வாஷரும் போட்டு நிறுத்துவீங்க, அது பெரிய கேக்குக்கு நல்ல வழிதான். கம்பியில ஆயில் இருக்கும், சோப்புப் போட்டுக் கழுவி ஒரு ஸ்ட்ராவுக்குள்ள சொருகிட்டு வைங்க. இரும்பு நேரா கேக்குல படக் கூடாது.

வீட்டுக்கு இதோட எளிய வடிவம்: கேக்கோட மொத்த உயரத்தைவிட அரை இஞ்ச் குட்டையா ஒரு மரக்குச்சி, ஒரு முனையைப் பென்சில் ஷார்ப்னர்ல சீவிக்கங்க. ரெண்டு கேக்கும் அடுக்கின பிறகு மேல இருந்து நடுவுல இறக்கி, அட்டை தட்டறப்ப சின்னச் சுத்தியலால தட்டுங்க. அட்டையைக் கிழிச்சுக்கிட்டு அடிப்பலகையில போய்க் குத்தி நிக்கும். மேல் அட்டை கனத்த எம்.டி.எஃப். பலகைன்னா குச்சி துளைக்காது, முன்னாடியே டிரில் போட்டு ஓட்டை வெச்சுக்கணும். கேக்கை வெச்சுட்டுச் சுத்தியலோட நிக்கிறப்பதான் சில பேருக்கு இது ஞாபகம் வரும்.

16 ஏப்ரல், மதியம் 3.00

இன்னைக்கு எங்க அடுப்படி 36 டிகிரி காட்டுது. வெண்ணெய் 30-ஐத் தாண்டினா தொளதொளன்னு ஆகி, 35 வாக்குல உருகிடும். சாக்லேட்ல இருக்கற கோகோ வெண்ணெய் 34 டிகிரியில உருகும். அதாவது சேலத்து மே மாசத்துல மதியம் மூணு மணிக்கு எதுவுமே கெட்டி இல்ல. யூட்யூப்ல குளிரூர்ல உக்காந்து பட்டர்க்ரீம் பூசறவங்களைப் பார்த்து நம்ம வீட்டுல செய்யக் கூடாது.

ஆர்டர் எடுக்கறவங்க இங்க சாக்லேட்டும் க்ரீமும் சேர்ந்த கனாஷ் பூச்சுக்குப் போறது இதனாலதான். டார்க் சாக்லேட் ரெண்டு பங்குக்குக் க்ரீம் ஒரு பங்கு, ஒயிட்டுன்னா மூணுக்கு ஒண்ணு. கோடையில நான் டார்க்கையே மூணுக்கு ஒண்ணுன்னு போடறேன். ஆறினப்புறம் ஓடு மாதிரி இறுகிடும். விப்பிங் க்ரீம்ல அந்த ஓடு கிடையாது. டவெல் சரியா இருந்தா எடை க்ரீம் மேல விழாது, அதனால நிக்கத்தான் செய்யும். ஆனா ரெண்டு அடுக்கோட நிறுத்திக்கங்க, ஃபிரிட்ஜை விட்டு எடுத்தா ஏசி காருக்குத்தான் போகணும்.

20 ஏப்ரல், காலை 11.30

மலைக்கு வர்றேன். அடிவாரம் தாண்டினா 20 கொண்டை ஊசி வளைவு. எங்க வீட்டுக்காரர் ஓட்டினா அது 40 மாதிரி இருக்கும். தங்கச்சி, உங்க கேக்குக்கு என் பதில்: வீட்டுல அடுக்காதீங்க. கீழ் கேக்குல டவெலைக் குத்தி, நீளம் வெட்டி, மட்டம் பார்த்து எல்லாத்தையும் முடிச்சு வைங்க. மேல் கேக் தனிப் பெட்டியில. ரெண்டையும் ஏற்காட்டுல, எந்த மேசையில வெக்கப்போறீங்களோ அந்த மேசையில வெச்சே சேர்க்கணும். விளிம்புல போட ஒரு பைப்பிங் பை நிறைய க்ரீம், ஒரு ஸ்பாட்டுலா, ரெண்டு உபரி டவெல், கத்தரி, ஈரத்துணி. இது ஒரு பை.

கார்ல எங்க வெக்கறது? சீட் மேல மட்டும் வெக்காதீங்க. சீட் பின்பக்கம் சரிஞ்சுதான் இருக்கும், ஏத்தத்துல இன்னும் சரியும். மடியில வெச்சுக்கற அத்தைங்க கிட்ட தைரியமா முடியாதுன்னு சொல்லுங்க. மடி சூடு, வளைவுக்கு வளைவு ஆடும், பஸ் எதிர்ல வந்தா கை தன்னால இறுகும். முன் சீட்டு ஆள் கால் வெக்கற இடம் மட்டமா இருந்தா அது நல்லது, ஏசி காத்தும் நேரா வரும். இல்லேன்னா டிக்கியோட தட்டையான தரை. அலமாரிக்குப் போடற வலை மாதிரி ரப்பர் மேட்டை வாங்கி பெட்டிக்குக் கீழ ஒண்ணு, பெட்டிக்குள்ள பலகைக்குக் கீழ ஒண்ணு போடுங்க. பத்து ரூபா அட்டைப்பெட்டி வழுக்கித்தான் பாதிக் கேக் போகுது.

காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க. மே மாசம் கோடை விழாக் கூட்டத்துல மாட்டினா வளைவுல வண்டி நிக்கும், ஏசியை மட்டும் நம்பி உக்காந்திருக்கணும்.

20 ஏப்ரல், இரவு 9.40

சென்னையில இருந்து பாண்டிச்சேரிக்கு மூணடுக்கை முழுசா அடுக்கியே கொண்டுபோனேன்னு ஒரு சகோதரி படத்தோட போட்டிருக்காங்க. ஈசிஆர் ரோடு மேசை மாதிரி இருக்கும், அதுவும் இதுவும் ஒண்ணான்னுதான் முதல்ல எழுத வந்தேன். அவங்க விவரத்தைப் படிச்சா கனாஷ் ஓடு, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ், நடுவுல திருகுக் கம்பி. அப்படின்னா மலைக்கே அடுக்கி எடுத்துட்டுப் போகலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஒரு விதத்துல அதுதான் நல்லதும். மண்டபத்துல கேட்டரிங் பசங்க நடுவுல நின்னு, நடுங்கற கையோட 6 இஞ்சை இறக்கற வேலை மிச்சம். ஆக காலையில சொன்னது விப்பிங் க்ரீமுக்கு. கெட்டிப் பூச்சு, குளிர்ந்த கேக், பலகையோட இறுக்கின நடுக்கம்பி மூணும் இருந்தா அடுக்கியே போங்க. மூணுல ஒண்ணு இல்லேன்னா பிரிச்சே போங்க.

24 ஏப்ரல், மதியம் 1.10

தெர்மோகோல் சண்டை இங்கயும் வந்துடுச்சா. கீழ் அடுக்கு தெர்மோகோல்னா ஏமாத்து வேலைன்னு ஒருத்தர். எனக்கு அப்படித் தோணல, சொல்லிட்டுச் செஞ்சா. சாப்பிட ஆளில்லாம நாலு கிலோ கேக் மீறிப்போய் மறுநாள் வேலைக்கார அம்மா கையில கொடுத்து அனுப்பறதைவிட மேல். ஆனா யோசிச்சுப் பாருங்க: கீழ தெர்மோகோல், மேல நிஜக் கேக்னா எடையெல்லாம் மேல, அடி லேசு, தட்டினா கவிழும். அடித் தெர்மோகோலைப் பலகையோட ஒட்டணும், நடுக்குச்சியும் வேணும். உயரம் காட்டறதுதான் ஆசைன்னா மேல் அடுக்கைத் தெர்மோகோலாக்குங்க. கீழ் கேக்குக்குச் சுமையே இருக்காது.

எங்க சின்ன வயசுல சர்ச் கல்யாணத்துல கேக்கையெல்லாம் இரும்பு ஸ்டாண்டுல படி மாதிரி தனித்தனியா வெப்பாங்க, நடுவுல சின்னப் பாலம், பொம்மை மாப்பிள்ளை பொண்ணு. கிண்டல் பண்ணுவோம். ஒரு கேக் மேல இன்னொரு கேக் ஏறாது, எதுவும் சாயாது. பயமா இருந்தா அந்த ஸ்டாண்டை வாடகைக்கு எடுங்க, வெட்கமே வேண்டாம்.

28 ஏப்ரல், இரவு 8.20

மலை ஏறறப்ப சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அது மாதிரி கேக்கும் உப்புமான்னு கேள்வி. இல்லீங்க, பாக்கெட் ஒட்டியிருக்கு, கேக் ஒட்டல. வித்தியாசம் வர்றது மேலயே சுட்டாத்தான். ஏற்காடு 1500 மீட்டர் பக்கம், தண்ணி அங்க 95 டிகிரியிலயே கொதிச்சுடும். காத்தழுத்தம் குறைவுங்கறதால கேக் சீக்கிரம் பொங்கி, வேகறதுக்கு முன்னாடியே நடுவுல அமுங்கும். அங்க இருக்கற என் நாத்தனார் நம்ம அளவுல இருந்து பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைச்சு, ஒரு ஸ்பூன் பால் கூட்டிக்குவாங்க.

வெயில் விஷயத்துல மலை உங்க பக்கம். கீழ 38 அடிச்சா மேல 30 பக்கம் இருக்கும். ஆனா மழை பெஞ்சு மூடுபனி இறங்கினா ஃபாண்டன்ட் (கேக் மேல போர்த்தற சர்க்கரை மாவு) கசியும். குளிர்ந்த கேக்குல ஈரக்காத்து பட்டா தண்ணி முத்து முத்தா நிக்கும். பெட்டியைத் திறக்காம வெளியச் சூட்டுக்கு வர விடுங்க, ஈரம் பெட்டிக்கு வெளியவே நின்னுடும். அதை மீறி வேர்த்துட்டா தொடாதீங்க, தொட்ட இடத்துல விரல் அச்சு அப்படியே விழும். ஃபேன் காத்துல தானாக் காயும்.

2 மே, காலை 7.00

மேசை! எல்லாரும் கேக்கைப் பத்தியே பேசறோம். புல்வெளியில ஃபங்ஷன்னா மேசைக் கால் மண்ணுல இறங்கும். போன வருஷம் ஒரு ரிசார்ட்டுல கொடுத்தது மடக்கு மேசை, நடுவுல பள்ளம், மேல சாட்டின் துணி வேற. கேக் வழுக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி. துணியை எடுக்கச் சொன்னா அலங்காரக்காரர் முறைச்சார். ரசமட்டத்தைக் காட்டி, ரெண்டு காலுக்கு அடியில அட்டையை மடிச்சுக் குடுத்து, துணிக்கு மேல ரப்பர் மேட்டை வெச்சப்புறம்தான் நான் பெட்டியைத் திறந்தேன். மேடையில ஃபோகஸ் லைட் எந்தப் பக்கம் அடிக்குதுன்னும் பாருங்க. ரெண்டு அடி தூரத்துல அந்தச் சூடு க்ரீமை ஒரு பக்கமா இளக்கும்.

பலகைக்கு அடியில நாலு ரப்பர் புஷ் ஒட்டிட்டீங்களா? விரல் போக இடமில்லாம அந்தக் கனத்தை மேசையில இருந்து தூக்கவே முடியாது, இறக்கறப்பவும் விரல் நசுங்கும்.

3 மே, இரவு 10.30

நாளன்னைக்கு விசேஷம்னு போட்டிருக்கீங்க, அதனால வெட்டறதையும் சொல்லிடறேன், இதை யாரும் கேக்கறதே இல்ல. மாப்பிள்ளை, பொண்ணு ஃபோட்டோவுக்கு வெட்டறது கீழ் அடுக்குல, விளிம்பு ஓரமா ஒரு சின்ன ஆப்பு. நடுப்பக்கம் கத்தியை விட்டா டவெல்ல முட்டும், போட்டோக்காரர் இன்னும் அழுத்துங்கம்பார். எந்தப் பக்கம்னு முன்னாடியே க்ரீம்ல ஒரு சின்னப் பூ வெச்சு அடையாளம் பண்ணிடுங்க.

பரிமாறறப்ப மேல இருந்து ஆரம்பிங்க. நடுக்குச்சி வெச்சிருந்தா முதல்ல மேல் க்ரீமை விலக்கி, கட்டிங் பிளையரால அதை உருவணும். அப்புறம் அட்டைக்கு அடியில ஸ்பாட்டுலா விட்டு மேல் கேக்கை அட்டையோட தூக்கித் தனியா வைங்க. கீழ் கேக்குல டவெலையெல்லாம் உருவிட்டுத்தான் கத்தி வெக்கணும். கேட்டரிங் பசங்ககிட்ட ஒப்படைக்கறதா இருந்தா எத்தனை குத்தியிருக்குன்னு பெட்டி மூடியில பெரிசா எழுதிக் கொடுங்க. நாலு குத்தினா நாலும் தட்டுக்கு வரணும், ஒண்ணு குறைஞ்சாலும் துண்டு போடறதை நிறுத்திட்டுத் தேடச் சொல்லுங்க. குழந்தைங்க சாப்பிடற பொருள். அழகுக்குக் குத்தற பூ, டாப்பர் குச்சிங்களுக்கும் இதேதான். பல்குச்சியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கேக்குக்குள்ள விட்டு வெக்காதீங்க, அது எண்ணிக்கையில வராது.